இரண்டாவது தீக்குச்சி

பேஸ்மேக்கரை எடுத்தாயிற்றா என்று அந்த வெள்ளைக்காரப் பெண் கேட்டபோது கனகாம்பிகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லண்டன் நோர்பரி பிரதான வீதியில், கபாப் கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்த, செத்தவீட்டு அலுவல்களைப் பார்க்கிற ஃபியூனரல் டிரெக்டரின் அலுவலகம் அது. நாளைய சடங்குக்கு உடுத்திவிட வேண்டிய பட்டு வேட்டியும் சால்வையும் ஒரு பையில் அவள் மடியில் இருந்தன. ஒரு பக்கம் மகன் சுஜீத், மறுபக்கம் தங்கை ரஜனி. கேள்வியை அவள் விளங்கிக்கொண்டாள்தான். ஆனாலும் சுஜீத் கடமை தவறாமல் தமிழில் சொன்னான்.

"அப்பான்ரை நெஞ்சுக்குள்ள வச்சதை எடுத்தாச்சோ எண்டு கேக்கிறா அம்மா. அதுக்குள்ள பேட்டரி இருக்கு. எடுக்காட்டி எரிக்கிற சூட்டில வெடிக்குமாம்."

"வெடிக்குமாமோ?"

"ஓம்."

"வடிவாக் கேள். கட்டாயம் வெடிக்குமாமோ?"

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு மூக்கால் வந்தது. சால்வையால் வாயைப் பொத்தினாள். ரஜனி தொடையில் கிள்ளினாள். அந்தப் பெண் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிட்டார்கள் என்று சுஜீத் ஆங்கிலத்தில் சொன்னான். அவன் காது சிவந்திருந்தது. அம்மா எதற்குச் சிரித்தாள் என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவள் புருசன் பரமேஸ்வரன் உயிரோடிருந்து இதைக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார். "வெடிக்க வேண்டினதெல்லாம் வெடிக்கேல்லை, வெடிக்கக் கூடாதது வெடிக்குமாம். உந்தப் பகிடியைப் பாத்தீரே?" என்று வீடு வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அவர் செத்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. குசினிக் கதிரையில் இருந்தபடியே போனார். தேத்தண்ணி ஆறுகிறது என்று அவள் இரண்டுதரம் கூப்பிட்டாள், வந்து பார்த்தபோது இரண்டும் ஆறிவிட்டிருந்தன. லண்டனில் சாவதற்கு நாள் பார்க்கத் தேவையில்லை, எரிப்பதற்குத்தான் வரிசையில் நிற்க வேண்டும். இத்தனை நாளும் வீட்டுக்கு வந்துபோன சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றியே அவள் கை ஓய்ந்துபோயிற்று.

அன்று பின்னேரம் பாலேந்திரா வந்தார். பரமேஸ்வரனோடு ஊரில் ஒன்றாகப் படித்தவர், பழைய மாணவர் சங்கத் தலைவர், மைக் என்றால் உயிரை விடுகிறவர். இரங்கலுரையைத் தொலைபேசியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முன்னறையில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்து நின்றே வாசித்தார்.

"அமைதியே உருவானவர். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர்..."

"ஆர்?" என்றாள் கனகாம்பிகை.

"பரமேஸ்தான், தங்கச்சி."

"அவர் எங்கையண்ணை அமைதியாய் இருந்தவர்? வாய் மூடாத மனுசன் எல்லே."

பாலேந்திராவுக்கு அது புதிது. அவருக்குத் தெரிந்த பரமேஸ்வரன் கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து வடை தின்றுவிட்டுப் போகிற மனிதர்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். உதுக்குள்ள டோர்ப்பிடோவைப் பற்றி ரெண்டு வரி போடுவியளோ? அவரை எரிக்க முன்னம் ஆராவது ஒருக்கா அதைச் சொல்ல வேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"டோர்ப்பிடோவோ? கப்பலுக்கு அடிக்கிற குண்டோ?"

"ஓம். அந்தக் காலத்து நீர்மூழ்கியளில அது வெடிக்காமல் போன கதை. அவர் அதிலதானே சீவிச்சவர்."

பாலேந்திரா கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, நோயாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "தங்கச்சி, எங்கடை சனம் ஷெல்லடியுக்குள்ளால தப்பி வந்த சனம். செத்தவீட்டில குண்டுக் கதை சபைக்கு ஒவ்வாது. அதோடை, தம்பியின்ரை உத்தியோகமும் இருக்கெல்லோ."

குசினியில் சுஜீத் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மீண்டும் கேட்டது. அவன் வெளியே வரவில்லை.

பரமேஸ்வரனுக்கு டோர்ப்பிடோப் பித்து எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் கவுன்சில் அடுக்குமாடிகளில் லிஃப்ட் திருத்துகிற வேலை பார்த்தவர். பிழை எங்கே என்று தேடுவதில் ஆசை உள்ளவர். நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகம் ஒன்றை ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்தார், அதோடு பிடித்தது சனி. பென்ஷன் எடுத்த பிறகு யூடியூப்பில் தமிழில் சொல்லத் தொடங்கினார். பார்த்தவர்கள் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடிய அளவு ஆட்கள்தான். நோர்வேயில் இருந்து ஒருவர் ஒவ்வொரு முறையும் 'நன்றி ஐயா' என்று எழுதுவார். அதற்கே மனுசனுக்குக் கால் நிலத்தில் படாது.

படம் பிடித்தவள் கனகாம்பிகை. சனிக்கிழமை காலைகளில் குசினி ஜன்னலால் வெளிச்சம் வரும்போது அவர் மேசையில் புட்டுக் குழலை எடுத்து வைப்பார். அது டோர்ப்பிடோ. இட்டலிச் சட்டி எதிரியின் கப்பல். அவள் எதிரில் நின்று தொலைபேசியை இரண்டு கையாலும் நெஞ்சுயரத்துக்குப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஆட்டாமல் பிடியும். முதலாவது பிழை என்னெண்டால், இது சொன்ன ஆழத்தில ஓடாது. கப்பலுக்குக் கீழால போயிடும். ஜெர்மன்காரன் நோர்வேக் கடலில இதால அழுதவன். நீர்மூழ்கி கனநேரம் தண்ணிக்குள்ள கிடந்தால் உள்ளுக்குக் காத்து இறுகும். அந்தக் காத்து டோர்ப்பிடோவின்ரை ஆழம் பாக்கிற அறைக்குள்ள கசிஞ்சு, அதை ஏமாத்திப் போடும். அது தான் மேலை நிக்கிறன் எண்டு நினைச்சுக் கீழை கீழை போகும்."

"கை நோகுது. கறி அடிப்பிடிக்கப் போகுது."

"கறி கிடக்கட்டும். ரெண்டாவது, காந்தப் பிழை..."

கப்பலின் இரும்பைக் காந்தத்தால் உணர்ந்து அடியில் வெடிக்க வேண்டிய கருவி, ஒன்று முந்திக்கொண்டு வெடிக்கும், அல்லது வெடிக்கவே வெடிக்காது. கரையில் இருந்த பெரியவர்களோ டோர்ப்பிடோவில் பிழையே இல்லை, கடலில் நிற்கிறவர்களுக்குத்தான் குறி பார்க்கத் தெரியவில்லை என்று சாதித்தார்கள். இந்த இடம் வந்தால் பரமேஸ்வரனுக்குக் கோபம் வந்துவிடும். லிஃப்ட்டில் பிழையில்லை, சனம்தான் பட்டனைப் பிழையாக அமத்துகிறது என்று சொன்ன மேலதிகாரி ஒருவர் நினைவுக்கு வந்துவிடுவார். சபை நடுவில் நிற்கிறவர்போலக் கையை வீசுவார். புட்டுக் குழல் உருண்டுபோய் நிலத்தில் விழும்.

சுட்ட பிறகு நீர்மூழ்கிக்குள் என்ன நடக்கும் என்பதை அவர் ஒவ்வொரு படத்திலும் சொல்லுவார். "பட்டனை அமத்தியாச்சு. கப்டன் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிப்பார். ஒருதரும் மூச்சுவிடாயினம். எல்லாரும் மேலை பாப்பினம். மேலை என்ன கிடக்கு, இரும்புத் தகடுதான். எண்டாலும் பாப்பினம்." சொல்லிவிட்டுத் தானும் குசினிக் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அவளும் கையை ஆட்டாமல் நிற்பாள். நாலு சனம் பார்க்கிற படத்துக்கு இவ்வளவு மௌனம் எதற்கு என்று அவளுக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. வெஸ்ட் ஈலிங் அம்மனிடம் போனபோது, இந்த மனுசனின் வாயிலிருந்து டோர்ப்பிடோவைப் பிடுங்கிப் போடு தாயே என்று ஒருமுறை பகிடிக்குக் கேட்டும் இருக்கிறாள். பிள்ளைப்பேறு கேட்டபோது எத்தனையோ வருசம் இழுத்தடித்த அம்பாள், இதை மட்டும் உடனே தந்துவிட்டாள்.

கடைசியாகப் போட்ட படத்தில் ஓர் அமெரிக்கக் கப்டனின் கதை. நகர முடியாமல் நின்ற பெரிய கப்பலுக்கு, ஒன்றன்பின் ஒன்றாக நேராகப் போய் அடிக்கும்படி சுட்டான். எல்லாம் பட்டது, ஒன்றும் வெடிக்கவில்லை. கடைசி ஒன்றைச் சுடாமல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, திறந்து பாருங்கள் என்று கொடுத்தான். அடுத்த படத்துக்குத்தான், இரண்டு வருசத்துக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள்.

"மூண்டாவது பிழைதான் பிழையளுக்கெல்லாம் ராசா" என்று சொல்லிப் பரமேஸ்வரன் சாமி விளக்கடியிலிருந்த நெருப்புப் பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை எடுத்து, பெட்டியின் மருந்துப் பக்கத்துக்கு நேரே செங்குத்தாகப் பிடித்து இடித்தார். குச்சி முறிந்தது. "பாத்தீரே? இனி இதைப் பாரும்..." என்று இரண்டாவது குச்சியை எடுக்கும்போது வாசல் பெல் அடித்தது.

சுஜீத் வந்திருந்தான். ஓர் அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்திருந்தான், பாதுகாப்பு விசாரணை இருக்குமாம், குடும்பத்தையும் பார்ப்பார்களாம். கோட்டைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றபடியே சொன்னான். "அப்பா, நீங்கள் சொல்லுறது ஹிஸ்டரி எண்டு எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியுமோ? சிலோன் தமிழாள் ஒருத்தர் தமிழில இருந்துகொண்டு டோர்ப்பிடோ ஏன் வெடிக்கேல்லை எண்டு விளங்கப்படுத்திறார். என்ன நினைப்பாங்கள்?"

பரமேஸ்வரன் நெருப்புப் பெட்டியை மூடினார். "ஓம் தம்பி. எடுத்துவிடுறன்" என்றார். அன்றிரவே எல்லாவற்றையும் அழித்தார். அவள் தொலைபேசியில் இருந்தவற்றையும் வாங்கி அழித்தார். அரைகுறையாக எதையும் செய்கிற பழக்கம் அவருக்கில்லை. சுஜீத்துக்கு வேலை கிடைத்தது. எந்த விசாரணையிலும் யாரும் டோர்ப்பிடோவைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

அதன்பிறகு பரமேஸ்வரன் பாலேந்திராவின் உரையில் வருகிற மனிதராகிவிட்டார். கிரிக்கெட் பார்த்தார், பூங்காவில் நடந்தார், நெஞ்சுக்குள் கருவி வைத்துக்கொண்டார். கனகாம்பிகையின் கை நோவு போய்விட்டது. சனிக்கிழமைக் காலைகளில் ஜன்னல் வெளிச்சம் மேசைக்கு வரும்போது, அந்தக் கை நோவுக்கு அவள் ஏங்கினாள். அந்த இரண்டாவது குச்சியை எடுத்து என்ன செய்யப் போனீர்கள் என்று கேட்க எத்தனையோ தரம் வாய் உன்னியது. கேட்டால் மகனைக் குறை சொன்னதுபோல ஆகிவிடுமோ என்று விட்டாள். இன்றைக்குக் கேட்போம், நாளைக்குக் கேட்போம் என்று இரண்டு வருசம் ஓடிவிட்டது.

மறுநாள் மண்டபத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது. ஐயர் வந்தார், சுண்ணம் இடித்தார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். பாலேந்திரா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு "அமைதியே உருவானவர்" என்றார். சனம் தலையாட்டியது. கனகாம்பிகை பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல், மேசையில் எதையோ வைத்துவிட்டு எங்கே வைத்தோம் என்று யோசிக்கிற முகமாக இருந்தது. கொஞ்சம் பொறுங்கோ என்று அவள் மனதுக்குள் சொன்னாள். எதற்குப் பொறுக்கச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை என்று யாரோ ஒரு பெரியவர் முணுமுணுத்தார். "அதெல்லாம் அங்கை. இஞ்சை அக்கா போறா" என்று ரஜனி அவள் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினாள்.

கிரமட்டோரியத்தில் முன்னால் இருந்தவர்களின் சடங்கு முடியவில்லை. பெட்டி ஏற்றிய கார் முற்றத்தில் நின்றது. சனமும் நின்றது. குளிர்காற்று. கார் நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள், பிறகு அதுவும் முடிந்து பேசாமல் நின்றார்கள். நெற்றியில் திருநீறும் விரலில் தர்ப்பையும் வேட்டிக்கு மேலே கறுப்புக் குளிர் ஜாக்கெட்டுமாக சுஜீத் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். காரைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அம்மா."

"என்ன தம்பி?"

"அந்த அமெரிக்கன் கப்டன் கடைசி டோர்ப்பிடோவைச் சுடாமல் கொண்டு வந்தவரெல்லோ. அதைத் திறந்து பாத்தவங்களோ?"

தாழ்ந்த குரலில் அவன் கேட்கவில்லை. முற்றம் முழுவதற்கும் கேட்டது. இரண்டு மூன்று தலைகள் திரும்பின. கனகாம்பிகை அவனையே பார்த்தாள். அந்தப் படம் போட்டு ஒரு கிழமைகூட ஆகமுன் அழித்தாயிற்று. அதையும் பார்த்திருக்கிறான். கடைசிவரை பார்த்திருக்கிறான்.

"பாத்தவங்கள்" என்றாள். இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னாள். "பாத்தவங்கள். அதில ஒரு பிழையும் இல்லையாம்."

"பிழையில்லாட்டி ஏன் வெடிக்கேல்லை?"

"அதுதானே கதை. கேள்."

அவள் சொன்னாள். முன்னுக்கு நடந்தவற்றையும் சொன்னாள், தெரியாதவர்கள் நிற்கிறார்களே. ஆழம் பிழைத்ததை, காந்தம் பிழைத்ததை, கரையில் இருந்த பெரியவர்கள் கடலில் நின்றவர்களில் பழி போட்டதை, ஒன்றும் விடவில்லை. இத்தனை நாளும் கறி அடிப்பிடிக்கும் என்ற கவலையோடு கேட்டதெல்லாம் ஒரு சொல்லும் சிந்தாமல் உள்ளே கிடந்தது. பெரியவர்களின் இடம் வந்தபோது அவளுக்கும் கோபம் வந்தது. சொல்லச் சொல்ல அவளுடைய இரண்டு கையும் நெஞ்சுயரத்துக்கு எழுந்து, இல்லாத ஒரு தொலைபேசியை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தன. சனம் கிட்ட வந்தது. பாலேந்திரா எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"அப்ப மூண்டாவது பிழை என்ன தங்கச்சி?"

"ரஜனி, பையுக்குள்ள நெருப்புப் பெட்டி இருக்கே?"

கற்பூரத்துக்குக் கொண்டுவந்த பெட்டி இருந்தது. கனகாம்பிகை ஒரு குச்சியை எடுத்து, மருந்துப் பக்கத்துக்கு நேரே பிடித்து இடித்தாள். முறிந்தது. முறிந்த குச்சியை எல்லாருக்கும் காட்டினாள்.

"பிறகு?" என்றான் சுஜீத்.

"பிறகு அவர் ரெண்டாவது குச்சியை எடுத்தவர்."

"எடுத்து?"

"எடுக்கேக்கை பெல் அடிச்சது. நீ வந்தனி."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. "அதுக்கு இல்லை ராசா" என்று அவன் ஜாக்கெட் கையைப் பிடித்தாள். பாலேந்திராவுக்குப் பொறுக்க முடியவில்லை. மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

"நான் கூகுளில பாக்கிறன், ஒரு நிமிசம்."

"வேண்டாம் அங்கிள்" என்றான் சுஜீத். "ப்ளீஸ்."

அவன் அம்மாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கினான். ஒரு குச்சியை எடுத்து, அவள் செய்ததுபோலவே நேரே இடித்துப் பார்த்தான். முறிந்தது. முறிந்த முனையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். லிஃப்ட்டின் கதவு திறக்காதபோது பரமேஸ்வரன் அப்படித்தான் பார்ப்பார். பிறகு இன்னொரு குச்சியை எடுத்தான். கொஞ்சம் யோசித்தான். அதைச் சாய்த்துப் பிடித்து, மருந்துப் பக்கத்தில் உரசிக்கொண்டு போனான்.

பற்றியது.

காற்றுக்கு மறைவாக இரண்டு கையையும் குவித்துக்கொண்டான். "நேராப் பட்டதாலதான்" என்றான். "அந்த ஊசி... உள்ளுக்கு இருக்கிற ஊசி முறிஞ்சிருக்கும். சாய்ஞ்சு பட்டிருந்தால் வெடிச்சிருக்கும். அப்பிடித்தானே அம்மா?"

அப்படித்தானா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர் காருக்குள் கிடந்தார். ஓடிப்போய் அந்தக் கண்ணாடியைத் தட்டி, இஞ்சேருங்கோ, பெடியன் கண்டுபிடிச்சிட்டான் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கால் ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டது. ரஜனி பிடித்துக்கொண்டாள். நெருப்பு சுஜீத்தின் விரல்வரை வந்து தர்ப்பையைச் சுட்டபிறகுதான் அவன் குச்சியைப் போட்டான்.

"கெட்டிக்காரன்தான் பரமேஸ்" என்று பாலேந்திரா யாருக்கோ சொன்னார். "எங்களுக்கு ஒருக்காலும் சொல்லேல்லையே."

ஊழியர் வந்து கூப்பிட்டார். உள்ளே தேவாரம் பாடினார்கள். பெட்டி மேடையில் ஏறியது. கொள்ளி வைப்பதற்குப் பதிலாக இங்கே சுவரில் ஒரு பட்டன், வாசல் பெல்லைவிடக் கொஞ்சம் பெரிது. ஊழியர் சுஜீத்தை அதன் முன்னால் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார். கனகாம்பிகை மகனுக்கு அருகில் போய் நின்றாள். யாரும் தடுக்கவில்லை.

அவன் அமத்தினான். திரை மெல்ல மூடியது. அதற்குப் பின்னால் எங்கேயோ ஓர் இயந்திரம் இரைந்துவிட்டு ஓய்ந்தது. சனம் எல்லாம் தலை குனிந்து நின்றது.

சுஜீத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான். மேலே ஒன்றுமில்லை, வெள்ளைப் பலகைகளும் புகை மணியின் சிறு சிவப்பு விளக்கும்தான். கனகாம்பிகையும் பார்த்தாள். ரஜனியின் விசும்பலும் நின்றுவிட்டது. கதவடியில் நின்ற ஊழியர் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். தாயும் மகனும் மூச்சுவிடாமல் இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.